கலைப்படத்தின் முன் சாதாரணப் பார்வையாளர்: ஏமாற்றம் எங்கே பிறக்கிறது?

2024 ஆகஸ்ட் 23 அன்று ‘கொட்டுக்காளி’ தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்ட படம் அது. இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’, 2021-ல் ரோட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றிருந்தது. ஆனால் டிக்கெட் எடுத்து உள்ளே போன பலருக்கு பெர்லினும் ரோட்டர்டாமும் ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் சூரியைப் பார்க்கப் போனார்கள். ‘விடுதலை’யிலும் அதே ஆண்டு வந்த ‘கருடன்’ படத்திலும் நாயகனாகப் பார்த்துப் பிடித்துப்போன சூரியை. தயாரிப்பு சிவகார்த்திகேயனின் நிறுவனம் என்பதும் ஒரு நம்பிக்கை. ஏறக்குறைய நூறு நிமிடத்தில் படம் சட்டென்று முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியபோது, “அவ்வளவுதானா?” என்று கேட்டபடியே பலர் எழுந்தார்கள்.

அடுத்த சில நாட்களில் நடந்த சண்டை நமக்குப் பழகிப்போன சண்டைதான். படம் பிடிக்கவில்லை என்றவர்களை ரசனை கெட்டவர்கள் என்றார்கள். பிடித்தது என்றவர்களை விருதுக்காக எடுத்த படத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்றார்கள். இந்தப் படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்கவே வேண்டாம், ஓடிடியில் விட்டிருக்கலாம் என்ற குரல் திரைத்துறைக்குள்ளிருந்தே எழுந்தது.

இரு தரப்பிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கலைப்படத்தைப் பார்த்துவிட்டுச் சலித்துப்போன ஒருவர் சொல்வதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒதுக்கித் தள்ளவும் கூடாது. அது ஒரு சாட்சியம். சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்தால்தான் உண்மை வெளிவரும். அப்படி விசாரித்தால், பெரும்பாலான நேரங்களில் அந்த ஏமாற்றம் படம் எப்படிப்பட்டது என்பதைவிட, அது அவரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதையே அதிகம் சொல்லும் என்பது என் துணிபு.

இதற்கு அமெரிக்காவில் நல்ல ஆதாரம் கிடைக்கிறது. அங்கே சினிமாஸ்கோர் என்றொரு நிறுவனம் இருக்கிறது. எட் மின்ட்ஸ் என்பவர் 1970-களின் இறுதியில் தொடங்கியது. ஒரு படத்தை ஆவலோடு பார்க்கப் போய் ஏமாந்தவர் அவர். விமர்சகர்கள் சொல்வது இருக்கட்டும், நம்மைப்போல் காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது கேட்டுச் சொன்னால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. முறை எளிமையானது. படம் வெளியாகும் முதல் நாள், தேர்ந்தெடுத்த சில திரையரங்குகளில் பார்வையாளர்களிடம் சிறிய அட்டை ஒன்று தரப்படும். வயது, பாலினம், எதற்காக இந்தப் படத்துக்கு வந்தீர்கள், என்ன மதிப்பெண் தருகிறீர்கள் என்பவற்றைக் குறித்துத் தர வேண்டும். ஏ ப்ளஸ் முதல் எஃப் வரை தரவரிசை. எஃப் என்றால் முற்றிலும் தோல்வி.

எஃப் வாங்கிய படங்கள் மிகக் குறைவு. அந்தப் பட்டியலில் மட்டமான திகில் படங்கள் பல இருப்பதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், அவற்றுக்கு நடுவே ஸ்டீவன் சோடர்பெர்க்கின் ‘சொலாரிஸ்’ (2002), ஆண்ட்ரூ டொமினிக்கின் ‘கில்லிங் தெம் சாஃப்ட்லி’ (2012), டேரன் அரொனோஃப்ஸ்கியின் ‘மதர்!’ (2017) ஆகியவையும் நிற்கின்றன. விமர்சகர்களில் கணிசமானோர் மதித்த படங்கள் இவை. ‘மதர்!’ படத்துக்கு இந்தத் தரம் கிடைத்தபோது, இப்படி மதிப்பெண் போடுவது சினிமாவுக்கே தீங்கு என்று இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி கட்டுரை எழுதினார்.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தப் பட்டியலை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். அந்த மூன்று படங்களுக்கும் பொதுவானது என்ன? ‘சொலாரிஸ்’ படத்தில் ஜார்ஜ் குளூனி, ‘கில்லிங் தெம் சாஃப்ட்லி’யில் பிராட் பிட், ‘மதர்!’ படத்தில் ஜெனிஃபர் லாரன்ஸ். மூன்றும் நட்சத்திரப் படங்களாக, ஒரே நாளில் ஏராளமான அரங்குகளில் இறக்கப்பட்டவை. ‘சொலாரிஸ்’ வந்தது குடும்பம் குடும்பமாகப் படம் பார்க்கப் போகும் விடுமுறை வாரத்தில். ‘மதர்!’ பேய்ப்படம்போல் விளம்பரப்படுத்தப்பட்டது. இவற்றைவிடப் பல மடங்கு கடினமான படங்கள் ஆண்டுதோறும் அமெரிக்காவில் வெளியாகின்றன. அவை எஃப் வாங்குவதில்லை; ஏனென்றால் அவை பத்து இருபது அரங்குகளில், எதைப் பார்க்க வருகிறோம் என்று தெரிந்து வருகிறவர்களுக்குக் காட்டப்படுகின்றன. கணக்கெடுப்பு அந்த அரங்குகளுக்குப் போவதே அரிது. ஆக, அந்த அட்டை அளப்பது படத்தின் தரத்தை அல்ல. வாசலில் கொடுத்த வாக்குக்கும் உள்ளே கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் அது அளக்கிறது.

2011-ல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற ‘டிரைவ்’ படத்தைப் பார்த்த மிச்சிகன் மாநிலப் பெண் ஒருவர், முன்னோட்டத்தில் கார் துரத்தல் படம்போலக் காட்டிவிட்டு, கார் ஓட்டுவதே மிகக் குறைவாக இருக்கும் படத்தைத் தந்துவிட்டார்கள் என்று வழக்கே தொடுத்தார். வழக்கு நிற்கவில்லை. ஆனால் அவர் சொன்ன குறையைப் பாருங்கள்: படம் கெட்டது என்பதைவிட, வேறொரு படத்துக்குத்தான் காசு கொடுத்தேன் என்பதே அது. அதே ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் ஒரு திரையரங்கம், டெரன்ஸ் மாலிக்கின் ‘தி ட்ரீ ஆஃப் லைஃப்’ ஓடியபோது வாசலில் அறிவிப்பு வைத்தது. இது வழக்கமான கதைப்போக்கில் செல்லாத படம், முன்கூட்டித் தெரிந்துகொண்டு வாருங்கள், பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்பது அதன் சாரம். கான் விழாவின் உச்ச விருதான தங்கப்பனையை வென்ற படத்துக்கு இந்த நிலை. பலர் அந்த அறிவிப்பைக் கேலி செய்தார்கள். எனக்கு அது பார்வையாளரை மதித்த செயலாகவே படுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் நேர்மையாகச் சொன்னார்கள் அல்லவா?

‘கொட்டுக்காளி’க்குத் திரும்புவோம். வேறு சாதி இளைஞனைக் காதலிக்கும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் பாண்டியின் (சூரி) குடும்பமும் அவள் குடும்பமும் சேர்ந்து ஷேர் ஆட்டோவிலும் பைக்குகளிலும் பூசாரியிடம் அழைத்துப் போகிறார்கள். பலி கொடுக்க ஒரு சேவலும் கூடவே வருகிறது. கதை இவ்வளவுதான். அன்னா பென் நடித்த மீனா படம் முழுக்க ஏறக்குறைய பேசுவதே இல்லை. பின்னணி இசை அறவே கிடையாது.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் விவாதத்தில் போதிய அளவு யாரும் கவனிக்கவில்லை. தமிழ்ப் பார்வையாளருக்குப் பின்னணி இசை அலங்காரம் அல்ல, அதுதான் வழிகாட்டி. ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார் என்றால் அவர் நல்லவரா, கெட்டவரா, நாம் சிரிக்கத் தயாராக வேண்டுமா, கண் கலங்க வேண்டுமா என்பதை இசை முன்கூட்டியே சொல்லிவிடும். பல தலைமுறைகளாக நாம் காதால்தான் படம் பார்த்து வந்திருக்கிறோம். அதைத் திடீரென்று நிறுத்திவிட்டு வண்டிச் சத்தத்தையும் காற்றையும் சேவலின் குரலையும் மட்டும் தந்தால், முதல் அரை மணி நேரம் எதை உணர வேண்டும் என்றே தெரியாமல் தவிப்பார்கள். வெளியே வந்ததும் அந்தத் தவிப்பு ‘எதுவுமே நடக்கவில்லை’ என்ற வாக்கியமாக மாறுகிறது. நடந்தது ஏராளம். வழியில் காதில் விழும் ஒரு பாட்டை மீனா லேசாக முணுமுணுக்கிறாள். அதைக் கண்ட பாண்டி வெறிகொண்டு அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடித்துத் துவைக்கிறான். தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, அடைத்த குரலில் பேசும் அவனிடமிருந்து அவ்வளவு வன்முறை வெடிக்கும்போது, ஒரு வயலின்கூட நமக்கு உதவிக்கு வராது. பயந்துபோய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பயம்தான் படம் நமக்குத் தர விரும்பியது.

முடிவுக்கும் இதே கதைதான். பூசாரி இன்னொரு பெண்ணுக்குப் பேயோட்டுகிறேன் என்று அவள் உடம்பில் கைவைப்பதைப் பாண்டி பார்க்கிறான். இதே இடத்துக்கு மீனாவை அனுப்பப்போகிறானா இல்லையா? படம் பதில் சொல்லாமல் முடிகிறது. ‘முடிவே இல்லை’ என்று சொன்னவர்கள் தவறாக எதையும் சொல்லிவிடவில்லை. படம் செய்ததைத் துல்லியமாக விவரித்தார்கள். முடிவெடுக்க வேண்டியவன் பாண்டி என்பதால், அவன் கண் வழியாக நம்மை நிறுத்திவிட்டு இயக்குநர் விலகிக்கொண்டார். என் பார்வையில் அது சரியான முடிவு. ஆனால் சண்டைப்படம் பார்க்கும் மனநிலையில் வந்து உட்கார்ந்த ஒருவர், கடைசி ஐந்து நிமிடத்தில் பாண்டி பூசாரியைத் தூக்கிப் போட்டு மிதிப்பான் என்று எதிர்பார்த்ததில் அவர் பிழை என்ன இருக்கிறது?

எதிர்பார்ப்பு ஒருபுறம் இருக்கட்டும். காலம் என்று ஒன்றும் இருக்கிறது. மெதுவான படங்களைப் பற்றி வரும் புகார்களில் முக்கால்வாசி அதைப் பற்றியதுதான்.

பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகின் சிறந்த படங்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு நடத்துகிறது. 2022-ல் முதலிடம் பெற்றது பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அக்கர்மன் தன் 25-ஆம் வயதில் எடுத்து 1975-ல் வெளிவந்த ‘ழான் தீல்மான்’. 201 நிமிடங்கள். பிரஸ்ஸல்ஸ் நகரில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாள் வாழ்க்கை. சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மகனுக்குச் சோறு போடுகிறாள், பிற்பகலில் ஓர் ஆண் வாடிக்கையாளரை வரவேற்கிறாள், அவன் கொடுத்த பணத்தைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் சூப் பாத்திரத்துக்குள் போட்டு மூடுகிறாள். கேமரா அசைவதில்லை. முதலிடம் என்ற செய்தியைப் படித்துவிட்டு இந்தப் படத்தைத் தேடிப் பார்த்த பலர், உருளைக்கிழங்கு உரிப்பதையெல்லாம் எவ்வளவு நேரம் பார்ப்பது என்று கேட்டார்கள்.

அந்த உருளைக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஓர் அறையை விட்டு வெளியேறினால் விளக்கை அணைக்கிறாள். அடுப்பில் கிழங்கை வைத்த நேரமும் வாடிக்கையாளர் புறப்படும் நேரமும் பிசகாமல் பொருந்துகின்றன. இது நமக்கு அலுக்கும் அளவுக்குக் காட்டப்படுகிறது. இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துபோகிறது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் வீட்டுக்குள் அவள் அங்குமிங்கும் நடக்கும்போது, நமக்கு வயிற்றைப் பிசைகிறது. தலைமுடி கலைந்திருக்கிறது. சூப் பாத்திரத்தை மூட மறந்துவிட்டாள். மூன்றாம் நாள் ஷூவுக்குப் பாலிஷ் போடும் பிரஷ் கைநழுவி விழும்போது, திகில் படத்தில் கதவு தானாகத் திறந்ததுபோல் திடுக்கிட்டுப்போகிறோம். காபி சுவை சரியில்லை என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். பெரிய விபரீதம் ஒன்று வருகிறது என்பதை யாரும் சொல்லாமலேயே நம் உடம்பு அறிந்துகொள்கிறது.

முதல் நாளின் அலுப்பைக் கடக்காதவருக்கு மூன்றாம் நாளின் பிரஷ் வெறும் பிரஷ்தான். ஒழுங்கை அளவுகோலாக நம் மனதில் பதியவைக்க அக்கர்மனுக்கு அத்தனை நேரம் தேவைப்பட்டது. அதனால்தான் இதைச் சுருக்கமாகவோ, கைப்பேசியில் விட்டு விட்டோ, வேகத்தைக் கூட்டியோ பார்த்தவரிடம் கருத்துக் கேட்பதில் பயனில்லை. அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர் பார்த்தது வேறு படம். இருட்டு அரங்கில் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பதும் இத்தகைய படத்தின் ஓர் உறுப்பு. நூறு நிமிடப் படத்துக்கும் இடைவேளை விட்டுப் பாப்கார்ன் விற்கும் நம் வழக்கம் இந்த உறுப்பை வெட்டியெறிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதற்காக மெதுவாக நகரும் படமெல்லாம் நல்ல படம் என்று நான் வாதிட வரவில்லை. வெற்று நிதானம் என்று ஒன்று உண்டு. விழாக்களைக் குறிவைத்து எடுக்கப்படும் படங்களில் அது மலிந்து கிடக்கிறது. ஒருவர் சாலையில் நடந்துகொண்டே இருப்பார், நாமும் பார்த்துக்கொண்டே இருப்போம், நடை முடிந்த பிறகு அவரைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: அந்த நீண்ட காட்சியின் தொடக்கத்தில் இருந்த நானும் முடிவில் இருக்கும் நானும் ஒன்றா? ஒன்றுதான் என்றால் இயக்குநர் என் நேரத்தை எடுத்துக்கொண்டு எதையும் தரவில்லை. அப்போது சாதாரணப் பார்வையாளரின் கொட்டாவி மிகச் சரியான விமர்சனம். விழாவில் கைதட்டியவர்களைவிட அவர் நேர்மையானவர்.

புரிதல் என்ற சிக்கலைப் பேச, இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் ஆகச் சிறந்த ஆவணத்துக்குப் போக வேண்டும். 1975-ல் சோவியத் ஒன்றியத்தில் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் ‘கண்ணாடி’ வெளியானது. சாகக் கிடக்கும் ஒருவனின் நினைவுகள்தான் படம். அவன் முகம் காட்டப்படுவதே இல்லை. அவனுடைய தாயின் இளமைக்காலமும் அவன் மனைவியும் மார்கரீத்தா தெரெகோவா என்ற ஒரே நடிகையின் முகத்தில் வருகின்றன. போருக்கு முந்தைய காலமும் போர்க்காலமும் நிகழ்காலமும் முன்னறிவிப்பின்றி மாறுகின்றன. இடையிடையே செய்திப்படத் துண்டுகள்: சிவாஷ் ஏரியின் சேற்றில் கனத்த ஆயுதங்களை இழுத்துக்கொண்டு நடக்கும் சோவியத் வீரர்கள். பின்னணியில் இயக்குநரின் தந்தை அர்செனி தார்க்கோவ்ஸ்கி தன் கவிதைகளைத் தன் குரலிலேயே வாசிக்கிறார். காட்சிகளை எந்த வரிசையில் கோப்பது என்று இயக்குநரே திண்டாடி, இருபதுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்த படம் இது. அரசின் திரைப்பட அமைப்புக்குப் படம் பிடிக்கவில்லை. குறைந்த பிரதிகளே வெளியிடப்பட்டன.

பார்த்தவர்கள் இயக்குநருக்குக் கடிதம் எழுதினார்கள். அவற்றில் பலவற்றைத் தன் நூலின் தொடக்கத்தில் தார்க்கோவ்ஸ்கி எடுத்துக் கொடுத்திருக்கிறார், வசைகளையும் மறைக்காமல். லெனின்கிராடைச் சேர்ந்த ஒரு பொறியாளர், உண்மையாகவே முயன்று பகுப்பாய்ந்து பார்த்ததில் அரை மணி நேரத்திலேயே கடும் தலைவலி வந்துவிட்டது என்று எழுதினார். இன்னொரு பொறியாளர் படத்தை ஆபாசம், குப்பை என்று தீர்த்துக்கட்டினார். கோர்க்கி நகரிலிருந்து எழுதிய பெண்ணோ, என் குழந்தைப் பருவம் இப்படித்தான் இருந்தது, அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டு நன்றி சொன்னார்.

இந்தக் கடிதங்கள் திரும்பத் திரும்ப யோசிக்க வைப்பவை. தலைவலி வந்தவருக்கு அறிவுக் குறைவில்லை. அவர் பொறியாளர், படத்தையும் ஒரு பொறிபோலப் பிரித்து, எந்தப் பாகம் எதை இயக்குகிறது என்று கண்டறிய முயன்றார். கோர்க்கி நகரப் பெண் எதையும் பிரிக்கவில்லை. இருட்டிய அறை, காற்று, வீடு திரும்பும் அம்மாவுக்கான காத்திருப்பு என்று வந்த ஒவ்வொன்றையும் தன் நினைவில் இருக்கும் ஒன்றோடு சேர்த்துக்கொண்டார். படம் முடிந்து நடந்த நீண்ட விவாதம் ஒன்றின்போது அரங்கைத் துப்புரவு செய்ய வந்த பெண், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது, நோய்வாய்ப்பட்ட ஒருவன் சாவுக்குப் பயந்து, தான் பிறருக்குச் செய்த தீங்குகளை நினைத்து மன்னிப்புக் கேட்கிறான் என்று சொன்னதாகவும் தார்க்கோவ்ஸ்கி கூறியிருக்கிறார். கலைப்படம் படித்தவர்களுக்கானது என்ற எண்ணத்தை இதைவிட நன்றாக எதுவும் உடைக்காது. ஏதோ மறைபொருள் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காவிட்டால் நாம் தோற்றோம் என்ற பயத்தைப் பார்வையாளரிடம் வளர்த்தவர்களில் விமர்சகர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. ‘குறியீடு’ என்ற சொல்லை நாங்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பாதிப் பேரின் தலைவலி தீரும்.

சாதாரணத் தமிழ்ப் பார்வையாளருக்கு இத்தகைய படங்கள் ஒத்துவராது என்பதை வரலாறும் ஏற்கவில்லை. 1980-களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் வங்காளம், மலையாளம், கன்னடம் என்று விருது பெற்ற மாநில மொழிப் படங்களை ஒளிபரப்பியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும், திரையின் அடியில் வரும் ஆங்கில வரிகளைப் படிக்கத் தெரிந்த பிள்ளை சொல்லச் சொல்லக் கேட்டபடி பார்த்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அவர்களில் சினிமா படித்தவர்கள் எத்தனை பேர்? பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-ல் வந்தது. பாடல் இல்லை, சண்டை இல்லை, வில்லன் என்று தனியாக யாரும் இல்லை. வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடு மட்டும்தான். சிமெண்டுக்கும் அனுமதிக்கும் அலைந்தவர்கள் எவருக்கும் அந்தப் படத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேரளத்தில் ஜான் ஆபிரகாமின் ‘அம்ம அறியான்’ (1986) ஒடேசா என்ற அமைப்பின் வழியாக மக்களிடம் நன்கொடை திரட்டி எடுக்கப்பட்டு, ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. நேர்கோட்டில் கதை சொல்லாத, எளிதில் பிடிபடாத படம் அது. வந்து பார்த்தவர்களில் பலர் பணம் போட்ட தயாரிப்பாளர்கள்! படத்தின் மேல் அவர்களுக்கு ஒரு பாத்தியதை இருந்தது.

தமிழகத்தில் அப்படிப்பட்ட ஏற்பாடு பெரிதாக வளரவில்லை. ஒரு படம் விழாவுக்குப் போகிறது, திரும்பி வந்ததும் நேராக வெள்ளிக்கிழமைச் சந்தையில் இறக்கப்படுகிறது. ‘கொட்டுக்காளி’ வெளியான அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. நிதானமாகக் காலூன்ற ஒரு வாரம்கூட இப்படிப்பட்ட படத்துக்குக் கிடைப்பதில்லை. நடுவில் திரைப்படச் சங்கங்களும் சிறிய அரங்குகளும் படம் முடிந்து பேசும் கூட்டங்களும் ஊருக்கு ஊர் இருந்திருந்தால், சூரிக்காக வந்தவர் ஒரு பக்கமும் பாண்டியைப் பார்க்க வந்தவர் இன்னொரு பக்கமும் தாமாகவே பிரிந்திருப்பார்கள். சிலர் இங்கிருந்து அங்கே நகர்ந்தும் இருப்பார்கள். 2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் திரையிட்டு, முடிந்ததும் மாணவர்களைப் பேசவும் எழுதவும் வைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. திரையிடும் கருவிகளைவிட அந்தப் பேச்சுக்கு ஒதுக்கும் அரை மணி நேரம்தான் அதில் முக்கியம். அதைப் பாடவேளை நெருக்கடியைக் காட்டிக் குறைத்துவிடாமல் பள்ளிகள் காக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று ஒரு மாணவி சொன்னால், எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று ஆசிரியர் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.